மூணாவது டம்ளர் மிளகுத்தண்ணி

சிங்கப்பெருமாள் கோயில் ஜங்ஷனில், ஒரகடம் ரோடு திரும்புற இடத்துல மத்தியான நேரம் கொஞ்சம் நின்னு பாருங்க. கழுத்துல கம்பெனி அட்டை மாட்டின வெளிநாட்டுக்காரர் ஒருத்தராவது கண்ணில் படுவார். 2007ல் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ வந்தது, 2012ல் ஒரகடத்தில் டைம்லர் லாரி தொழிற்சாலை. அதிலிருந்து ஜெர்மன்காரங்க நமக்குப் புதுசில்லை.

அப்படி ஒருத்தர் ஒருநாள் மெஸ்ஸில் எனக்கு எதிர்ல உட்கார்ந்தார். சாம்பார் வாளியைப் பார்த்ததும் இலைக்கு மேல கையை வெச்சு மறைச்சுட்டார். ரசத்தை மட்டும் டம்ளர்ல வாங்கி ஒரு வாய் குடிச்சார். இன்னொரு டம்ளர். அப்புறம் மூணாவது! இதுக்கு என்ன பேர்னு என்கிட்ட கேட்டார். "ரசம்... மிளகுத்தண்ணினும் சொல்வாங்க" என்றேன். மனுஷன் "முல்லிகடானி?"னு கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

விஷயம் இதுதான். 1963ல் ஜெர்மன் டிவிக்காகப் படம் பிடித்த 'டின்னர் ஃபார் ஒன்' என்ற குட்டி நாடகத்தை அங்கே ஒவ்வொரு டிசம்பர் 31ம் போடுவாங்க. அதுல 90 வயசு சீமாட்டிக்கு பட்லர் முதலில் பரிமாறுவது முல்லிகடானி சூப். சின்ன வயசிலிருந்து கேட்ட வார்த்தை, என்ன பண்டம்னு மட்டும் தெரியாதாம்.

வார்த்தை நம்மளுதுதான். 1763ல் ஆற்காடு நவாப் செங்கல்பட்டுச் சீமையை கும்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அந்தக் காலத்து மெட்ராஸ் வெள்ளைக்காரங்களுக்கு மிளகுத்தண்ணி பிடிச்சுப்போச்சு. எவ்வளவுன்னா, மெட்ராஸ் மாகாணத்து ஆங்கிலேயர்களுக்கே 'மல்' என்று பட்டப்பேர்! ஆனா ஒரு சிக்கல். நாம ரசத்தை நடுவுல சோத்தோட சாப்பிடுறோம், அவங்க சாப்பாடு சூப்பில் ஆரம்பிக்கும். அதனால ரசம் இலையின் நடுவிலிருந்து மேஜையின் முதல் வரிசைக்குப் போச்சு. கூடவே கறி, எலும்புச்சாறு, வெங்காயம், மசாலாப்பொடி எல்லாம் ஏறிடுச்சு. 1861ல் லண்டனில் வந்த மிஸஸ் பீட்டன் சமையல் புத்தகத்தில் கோழி அல்லது முயல், பன்றிக்கறி, பாதாம் வரைக்கும் இருக்கு. புளியைக் காணோம்!

மெட்ராஸ் குதிரைப்படையில் இருந்த கென்னி-ஹெர்பர்ட் மட்டும் விவரமானவர். 'வைவர்ன்' என்ற புனைபெயரில் 1878ல் மெட்ராஸ் சமையல் பற்றி எழுதின புத்தகத்தில் இந்தப் பெயர் தமிழ் என்று சொல்லி, ஏழைகள் வைக்கும் முறையையும் எழுதியிருக்கார். புளி, மிளகாய், பூண்டு, கடுகு, வெந்தயம், மிளகு, கறிவேப்பிலை. அட, எங்க பாட்டி ரசமேதான்!

ரசத்தைக் கெடுத்துட்டாங்கன்னு திட்டுற நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்கு அப்படித் தோணலை. அந்த சூப்பை முதல்ல வெச்சது துரை இல்லை, துரை வீட்டு அடுப்படியில் நின்ன நம்மூர் சமையல்காரர். 'சூப் எங்கே'ன்னு கேட்டவனுக்குக் கைவசம் இருந்த ரசத்தை சூப்பாக்கிக் கொடுத்திருக்கார். பட்லர் நாடகம் பார்த்து உலகம் சிரிக்குது, அவர் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஜெர்மன்காரர் ஊருக்குக் கிளம்பறப்போ அரை கிலோ ரசப்பொடி கேட்டார், வீட்டில் அரைச்சுக் கொடுத்தோம். சோறு வடிக்கவும் சொல்லிக் கொடுக்கட்டுமான்னு கேட்டேன். "வேணாம், சூப்பாவே குடிச்சுக்கிறேன்"னுட்டார்.