பள்ளிக்கரணை சதுப்புநிலம்

பள்ளிக்கரணை சதுப்புநிலம் சென்னையின் தென்பகுதியில், வங்கக் கடலோரத்தை அடுத்துள்ள தாழ்வான நன்னீர்ச் சதுப்பு. சில பகுதிகளில் நீர் உவர்ப்பாக இருக்கும். ‘கழுவெளி’ என்பது இத்தகைய நிலத்துக்குத் தமிழில் வழங்கும் பழைய பெயர்.

நீரோட்டம்: ஏறத்தாழ 250 சதுர கி.மீ. பரப்பில் பெய்யும் மழைநீர் இங்கே வடிகிறது. கீழ்க்கட்டளை ஏரி நிறைந்தால் நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து சதுப்புக்கும் நீர் வரும். ஆதம்பாக்கம் ஏரியின் உபரிநீரைக் கொண்டுவருவது வீராங்கல் ஓடை. சதுப்பிலிருந்து நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது.

வெள்ளத் தணிப்பு: வடகிழக்குப் பருவமழையில் வரத்து மிகுதி, வெளியேறும் வழியோ குறுகியது. கடல் ஏற்றத்தின்போது வடிதல் இன்னும் மந்தமாகும். அந்த வேளையில் நீர் பரந்து நிற்க இடம் தருவது சதுப்பே. கோரையும் நாணலும் ஓட்டத்தின் வேகத்தைக் குறைக்கின்றன. வண்டல் அடியில் படிகிறது.

பிற பயன்கள்: தேங்கும் நீரில் ஒரு பகுதி நிலத்தடிக்கு இறங்குகிறது. நிலத்தடி நன்னீர் மட்டம் உயர்ந்திருந்தால் கடலோரக் கிணறுகளில் உப்புநீர் ஏறுவது குறையும். காற்றுப் புகாத சேற்றில் தாவரக் கழிவு மெதுவாகவே மட்குவதால், கரிமம் மண்ணிலேயே தங்குகிறது. பூநாரை, கூழைக்கடா, நீலத்தாழைக்கோழி, நீளவால் இலைக்கோழி உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பறவையினங்கள் இங்கே காணப்படுகின்றன.

சுருங்கிய வரலாறு: 1960களில் இதன் பரப்பு 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. பெருங்குடி குப்பைக்கிடங்கும் குடியிருப்புகளும் அலுவலக வளாகங்களும் அதன் பெரும்பகுதியை விழுங்கின. துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலை எஞ்சியதை ஊடறுத்துச் செல்கிறது. சதுப்பில் நிற்க வேண்டிய நீர் தெருக்களில் நின்றால் என்னவாகும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் அருகிலுள்ள வேளச்சேரி கண்டது. வடிகால் நீரைக் கடத்த மட்டுமே உதவும். நிறுத்திவைக்கும் இடத்துக்கு அது ஈடாகாது.

பாதுகாப்பு: 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் கரிக்கிலி பறவைகள் சரணாலயம், பிச்சாவரம் ஆகியவற்றுடன் பள்ளிக்கரணையும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர்.