பல் செராமிக்கின் தோற்றமும் அமிலமும் துலக்குதலும்

பல் செராமிக் என்பது பல்லின் மேல் மாட்டும் ‘கேப்’, முன்பற்களில் ஒட்டும் வெனீர், குழிவிழுந்த பல்லில் பொருத்தும் இன்லே ஆகியவற்றைச் செய்ய உதவும் பீங்கான் வகைப் பொருள்களின் பொதுப்பெயர். உணவு, வயிறு ஆகியவற்றிலிருந்து வாய்க்கு வரும் அமிலமும், நாள்தோறும் பல் துலக்கும் உராய்வும் இவற்றின் பளபளப்பையும் நிறத்தையும் மெல்ல மாற்றக்கூடும். இம்மாற்றம் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே நிகழ்கிறது.

அமைப்பு

ஃபெல்ஸ்பார் பீங்கானில் கண்ணாடிப் பகுதியே மிகுதி. லித்தியம் டைசிலிகேட்டில் கன அளவில் ஏறத்தாழ 70 விழுக்காடு படிகம், எஞ்சியது கண்ணாடி. சிர்கோனியா ஏறக்குறைய முழுவதும் படிகமே. பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போக, உலோக ஆக்சைடு நிறமிகளைக் கேப்பின் மேல் தீட்டிச் சூளையில் சுடுவதுண்டு. அதன்மேல் ‘கிளேஸ்’ எனும் மெல்லிய கண்ணாடிப் பூச்சு ஏற்றப்படும். ஆகவே உள்ளே சிர்கோனியா இருந்தாலும், கிளேஸ் பூசியிருந்தால் வாயைச் சந்திப்பது கண்ணாடிதான்.

அமிலத்தின் செயல்

அமிலத்தில் உள்ள ஹைட்ரஜன் அயனிகள் கண்ணாடியிலுள்ள சோடியம், பொட்டாசியம் அயனிகளை வெளியேற்றி அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. பற்சிப்பி பிஎச் 5.5 அளவிலேயே கரையத் தொடங்கும். செராமிக் அதைவிடப் பன்மடங்கு தாங்கும். எனினும் எலுமிச்சைச் சாறு, கோலா பானங்கள், அமிலம் மேலெழும் நோயாலோ அடிக்கடி வாந்தி எடுப்பதாலோ வாய்க்கு வரும் இரைப்பை அமிலம் ஆகியவை நெடுங்காலம் பட்டால் மேற்பரப்பு சொரசொரப்பாகலாம்.

ஃப்ளூரைடு கலந்த அமிலத்தின் தாக்கம் இன்னும் கடுமையானது. பல் சொத்தையைத் தடுக்கப் பூசும் 1.23 விழுக்காடு அமில பாஸ்பேட் ஃப்ளூரைடு ஜெல், சிலிக்காவையே கரைத்துப் பளபளப்பை மங்கச் செய்யும். இதே வேதிவினையை மருத்துவர்கள் பயனுக்கும் கொள்கிறார்கள்: லித்தியம் டைசிலிகேட் கேப்பை ஒட்டும் முன் அதன் உட்புறத்தை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தால் வேண்டுமென்றே சொரசொரப்பாக்குகிறார்கள்.

துலக்குதலின் செயல்

தேய்மானத்துக்கு முதன்மைக் காரணம் பிரஷின் நார் அன்று. பேஸ்ட்டிலும் பல்பொடியிலும் உள்ள தேய்ப்புத் துகள்களே. பற்பசையின் தேய்ப்புத்திறன் ‘ஆர்டிஏ’ எண்ணால் குறிக்கப்படுகிறது. ஐஎஸ்ஓ 11609 தரம் அதற்கு விதித்த உச்சவரம்பு 250. இந்த எண் பற்சிப்பிக்கு அடியிலுள்ள டென்டினை வைத்து அளக்கப்படுவது என்பதால் செராமிக்குக்கு நேரடியாகப் பொருந்தாது. கிளேஸும் தீட்டிய நிறமுமே முதலில் தேயும். அமிலத்தால் நலிந்த பரப்பில் தேய்ப்பும் சேரும்போது இழப்பு கூடலாம். சொரசொரத்த பரப்பு ஒளியைச் சிதறடிப்பதால் கேப் மங்கித் தெரியும். தேநீர், காப்பிக் கறையும் எளிதில் பிடிக்கும். சராசரிச் சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் பாக்டீரியாப் படலமும் கூடுதலாகப் படியும்.

அளவீடு

வேதிக் கரைவைச் சோதிக்க ஐஎஸ்ஓ 6872 தரம், 80 டிகிரி செல்சியஸில் உள்ள 4 விழுக்காடு அசெட்டிக் அமிலத்தில் மாதிரியை 16 மணி நேரம் வைக்கச் சொல்கிறது. நிற வேறுபாட்டைக் கணக்கிட சிஐஇடிஇ 2000 வாய்பாடு பயன்படுகிறது. அதன்படி 0.8 அளவு வேறுபாட்டைப் பார்ப்போரில் பாதிப்பேர் கண்டுகொள்வர், 1.8 அளவை பாதிப்பேர் ஏற்றுக்கொள்வர்.

பராமரிப்பு

செராமிக் பொருத்தியோருக்கு அமில ஃப்ளூரைடு ஜெல்லுக்குப் பதிலாக நடுநிலை சோடியம் ஃப்ளூரைடு ஏற்றது. மென்மையான பிரஷும் தேய்ப்பு குறைந்த பேஸ்ட்டும் நல்லவை. வாந்திக்குப் பின் உடனே துலக்காமல் நீரால் கொப்பளிக்க வேண்டும். மங்கிய பரப்பை மருத்துவர் வைரத்துகள் பசையால் மெருகேற்றினால் பளபளப்பு திரும்பும். ஆனால் மேலே தீட்டிய நிறம் தேய்ந்துபோயிருந்தால் மெருகால் அதை மீட்க முடியாது; பொருளின் உள்ளேயே கலந்த நிறம்தான் நீடிக்கும்.