ஒலிப்பதிவு வழி மொழி கற்றல்

அயல்மொழி ஒன்றை, பதிவு செய்த குரலைக் கேட்டும் திருப்பிச் சொல்லியும் வீட்டிலிருந்தே கற்கும் முறை. ஒலியைப் பதிந்து திரும்ப ஒலிக்கும் ஃபோனோகிராஃபை 1877இல் உருவாக்கிய எடிசன், அது எதற்கெல்லாம் உதவும் என்று மறு ஆண்டு வெளியிட்ட பட்டியலிலேயே பேச்சுப் பயிற்சிக்கும் இடம் கொடுத்திருந்தார். பதிவு செய்த குரலால் மொழி கற்பிப்பதை நிலையான தொழிலாக்கியவர்களில் முக்கியமானவர் ஜாக் ரோஸ்டன். 1901இல் அவர் லண்டனில் தொடங்கிய லிங்குவாஃபோன், முதலில் மெழுகு உருளைகளிலும் பிறகு இசைத்தட்டுகளிலும் பாடங்களை விற்றது. தட்டோடு புத்தகமும் வரும். காதில் விழுவதைக் கண்ணாலும் தொடரலாம்.

பாடம் சொல்லப் பெரிய மனிதர்களையே பிடித்தார்கள். ஆங்கில உரையாடல்களுக்குக் குரல் கொடுத்தவர்களில் எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீனும் ஒருவர். 1927இல் பேசிய நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா செய்ததோ குறும்பு. தட்டு தவறான வேகத்தில் சுழன்றால் தன் குரல் சகிக்காது, எழுபத்தொரு வயது ஐரிஷ் பெரியவர் ஒருவர் இதமாகப் பேசுவதுபோல் கேட்கும்வரை வேகத்தைத் திருத்துங்கள் என்றார். அதோடு விடவில்லை. லண்டனுக்கு வரும் வெளிநாட்டார் இலக்கணம் பிசகாமல் வழி கேட்டால் யாருக்கும் புரியாது, உடைந்த ஆங்கிலமே காரியத்துக்கு ஆகும் என்றும் சொன்னார். சுத்தமான ஆங்கிலத்தை விற்ற தட்டில் இப்படி ஒரு பேச்சு!

தட்டுக்கு ஒரு குறை உண்டு. எதிரில் இருப்பவர் தப்பாகச் சொன்னாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு ஓரளவு வழி கண்டவர் அமெரிக்க மொழியியலாளர் பால் பிம்ஸ்லர். காசெட் அறிமுகமான அதே 1963இல் அவருடைய முதல் பாடமான கிரேக்கம் வெளிவந்தது. கேள்வி வரும், பிறகு சில நொடி மௌனம். கற்பவர் அதற்குள் பதிலைத் தாமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். சரியான விடை அதன் பின்னரே ஒலிக்கும். நீளமான சொல்லை வாலிலிருந்து கட்டுவார்கள்: 'நன்றி' என்பதற்கான கிரேக்கச் சொல் என்றால் 'ஸ்தோ', 'ரிஸ்தோ', 'ஹரிஸ்தோ', 'எஃப்ஹரிஸ்தோ' என்று. புதுச்சொல்லை எப்போது மறுபடி கேட்பது என்பதற்கும் அவர் 1967இல் ஓர் அட்டவணை வகுத்தார்: 5 நொடி, 25 நொடி, 2 நிமிடம், 10 நிமிடம் என்று இடைவெளி விரிந்துகொண்டே போய் 2 ஆண்டில் முடியும்.

அரைமணி நேரப் பாடங்களில் இவ்வளவு திருப்பிச் சொல்வதால் சொல்வளம் மெதுவாகத்தான் சேரும். உணவகத்தில் காபி கேட்க, தெருவில் வழி விசாரிக்க நாக்கு திரும்பிவிடும். செய்தித்தாள் படிக்கத் தனியே புத்தகத்தோடு உட்கார வேண்டியதுதான்.