விடுதலைத் தேநீர்

விடுதலைத் தேநீர் என்பது, அமெரிக்க விடுதலைப் போருக்கு முந்தைய ஆண்டுகளில், வட அமெரிக்காவின் பிரித்தானியக் குடியேற்றங்களில் தேயிலைக்குப் பதிலாக வீடுகளில் காய்ச்சி அருந்தப்பட்ட மூலிகைப் பானங்களைக் குறிக்கும் பொதுப்பெயர். தேயிலை என்பது கமேலியா சைனென்சிஸ் என்னும் ஒரே செடியின் இலை. விடுதலைத் தேநீரில் அந்தச் செடி இல்லவே இல்லை. ராஸ்பெர்ரி இலை, கர்ப்பூரவள்ளியை ஒத்த காட்டுச்செடிகள், வேர்ப்பட்டைகள், பூக்கள் என அக்கம்பக்கத்தில் கிடைத்தவையே அதன் சரக்கு. இன்று துளசித் தேநீர், செம்பருத்தித் தேநீர் என்று சொல்லும்போது தேநீர் என்ற சொல் எவ்வளவு நெகிழ்வாகப் பயன்படுகிறதோ, அப்படியே அன்றும் பயன்பட்டது. ஒரு வேறுபாடு உண்டு. அன்று கோப்பையில் என்ன இலை இருக்கிறது என்பது, அந்த வீடு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதற்கு அடையாளமாக இருந்தது.

பின்னணி

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குடியேற்றங்களின் நகரங்களிலும் பெரிய கிராமங்களிலும் தேநீர் அன்றாடப் பழக்கமாகிவிட்டது. அது முழுவதும் சீனத் தேயிலை. அசாமிலோ நீலகிரியிலோ இலங்கையிலோ தேயிலைத் தோட்டங்கள் தோன்ற இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன. பெரும்பான்மையோர் குடித்தது சீனத்தின் ஃபூஜியன் பகுதியிலிருந்து வந்த 'போஹி' என்னும் மலிவான கருந்தேயிலை. விருந்தினர் வந்தால் தேநீர் ஊற்றித் தருவது வீட்டுத் தலைவியின் உரிமை. தேநீர்க் கிண்ணங்களும் கெண்டியும் குடும்பத்தின் மதிப்பைக் காட்டும் பொருள்கள்.

1767இல் பிரித்தானிய நாடாளுமன்றம் குடியேற்றங்களில் இறக்குமதியாகும் கண்ணாடி, காகிதம், வண்ணச்சாயம், ஈயம், தேயிலை ஆகியவற்றுக்கு வரி விதித்தது. தேயிலைக்குப் பவுண்டுக்கு 3 பென்ஸ். எதிர்ப்பு வலுத்ததால் 1770இல் மற்ற வரிகள் நீக்கப்பட்டன; தேயிலை வரி மட்டும் நீக்கப்படாமல் தொடர்ந்தது. வரிப்பணத்தைவிட, வரி விதிக்கும் உரிமையை விட்டுத்தரக் கூடாது என்பதே லண்டனின் நோக்கம். 1773ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நேரடி ஏற்றுமதி உரிமை தந்தபோது சட்டப்படியான தேயிலையின் விலை உண்மையில் இறங்கியது. இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: விலை உயர்வை எதிர்த்து எழுந்த கலகம் அன்று அது. மலிவாகக் கிடைப்பதை வாங்கினால் வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற அச்சமே அதன் வேர். டச்சு நாட்டுத் தேயிலையைக் கடத்தி விற்ற வணிகர்களுக்கு இதில் சொந்த ஆதாயமும் இருந்தது.

1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் டார்ட்மவுத், எலினர், பீவர் என்னும் மூன்று கப்பல்களிலிருந்து 340 பெட்டிகளுக்கு மேல் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. பாடநூல்கள் அந்த இரவைச் சொல்லும். மறுநாள் காலை அடுப்பில் எதைக் காய்ச்சுவது என்ற கேள்வியை அவை எழுப்புவதில்லை.

கெண்டியை வைத்திருந்தவர்கள்

தேயிலைப் புறக்கணிப்பு கடைத்தெருவில் தொடங்கினாலும் அதைக் காப்பாற்ற வேண்டிய இடம் வீடு. வாக்குரிமை இல்லாத பெண்களின் கையில் ஓர் அரசியல் முடிவு அவ்வாறு வந்து சேர்ந்தது. 1770ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே பாஸ்டனில் 300க்கும் மேற்பட்ட குடும்பத் தலைவியர், வரிச் சட்டம் நீங்கும்வரை தேநீர் அருந்துவதில்லை என்று கையெழுத்திட்டனர். நோய்க்காலத்துக்கு மட்டும் விலக்கு. தேயிலை அப்போதும் பாதி மருந்தாகக் கருதப்பட்டதை இந்த விலக்கு காட்டுகிறது.

1774 அக்டோபர் 25 அன்று வட கரோலினாவின் எடன்டன் நகரில் 51 பெண்கள் மாகாணத்தின் புறக்கணிப்புத் தீர்மானங்களை ஆதரித்துக் கையொப்பமிட்டனர். அவர்கள் ஒப்பமிட்ட வாசகத்தில் தேநீர் என்ற சொல்லே இல்லை. ஆனாலும் அடுத்த ஆண்டு லண்டனில் வெளியான கேலிச்சித்திரம் ஒன்று, தேயிலை டப்பாக்களைக் கவிழ்த்துக் கொட்டும் மகளிர் கூட்டமாகவே அவர்களை வரைந்தது. அந்தச் சித்திரத்தின் வலிமையால் இன்றுவரை அது 'எடன்டன் தேநீர் விருந்து' என்றே அறியப்படுகிறது.

நூல் நூற்கும் கூட்டங்களிலும் மூலிகைத் தேநீரே பரிமாறப்பட்டது. இறக்குமதித் துணியையும் தவிர்க்க வேண்டியிருந்ததால் பெண்கள் ஒருவர் வீட்டில் கூடி ராட்டை சுற்றினார்கள். களைப்புக்கு லாப்ரடார் தேநீரோ வேறு இலைக் காய்ச்சலோ வந்தது.

இலைகளும் சுவையும்

மிகுதியாகப் பேசப்பட்டவற்றுள் ஒன்று நான்கிலை லைசிமாக்கியா. காலனிக்கால வீட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதிய அலிஸ் மோர்ஸ் ஏர்ல் அதன் செய்முறையைத் தருகிறார். செடியை வேரோடு பிடுங்கி, இலைகளை உருவி, தண்டுகளை மட்டும் வேகவைப்பார்கள். இலைகளை இரும்புப் பானையில் இட்டு, தண்டு வெந்த சாற்றை அவற்றின்மேல் ஊற்றுவார்கள். பிறகு இலைகளை அடுப்பில் உலர்த்துவார்கள். பவுண்டு 6 பென்ஸுக்கு விற்றதாம். ஏர்ல் எழுதியது நூறாண்டுக்கும் மேல் கழிந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் செய்முறையின் தர்க்கம் தெளிவானது. பச்சை இலையை அப்படியே வெந்நீரில் போட்டால் புல்வாடையும் வெளிறிய நிறமும்தான் வரும். போஹியின் கருமைக்குப் பழகிய கண்ணுக்கு அது தேநீராகத் தோன்றாது. சாற்றில் ஊறவைத்துச் சூட்டில் உலர்த்துவது அந்தக் கருமையை நெருங்கும் முயற்சி.

நியூ ஜெர்சி தேநீர் எனப்பட்ட செயனோதஸ் அமெரிக்கானஸ் இலை, தோற்றத்தில் கருந்தேயிலைக்கு அருகில் வந்தது என்பது பொதுவான கருத்து. ராஸ்பெர்ரி இலைப் பானத்துக்கு ஹைப்பீரியன் தேநீர் என்று கிரேக்கப் புராணப் பெயர் சூட்டினார்கள். பகட்டான பெயர் பானத்தை விற்கும் என்பது அன்றே தெரிந்திருந்தது. ராஸ்பெர்ரி இலையில் துவர்ப்பூட்டும் டானின்கள் நிறைய உண்டு. ஆகவே நாக்கில் பற்றும் அந்தப் 'பிடிப்பு' தேயிலையை நினைவூட்டும். மணம் மட்டும் போதாது. மணத்துக்கு வேறு செடிகள் இருந்தன. சொலிடாகோ ஒடோரா என்னும் மஞ்சள் பூச்செடியின் இலையில் சோம்பு வாசனை. மொனார்டா டிடிமாவின் இலையிலும் செம்பூவிலும் புதினாவும் நாரத்தையும் கலந்தாற்போன்ற வாசனை. ஒன்டாரியோ ஏரிக்கரை ஊரின் பெயரால் அதை ஒஸ்வேகோ தேநீர் என்றார்கள். வீட்டில் இன்று மூலிகைத் தேநீர் கலப்பவர்கள் துவர்ப்புக்கு ஓர் இலை, மணத்துக்கு ஒன்று, குளிர்ச்சிக்குப் புதினா என்று சேர்ப்பதன் காரணம் இந்தப் பட்டியலைப் பார்த்தாலே விளங்கும்: தேயிலையின் வேலை முழுவதையும் தனியாகச் செய்யும் இலை எதுவும் இல்லை.

மொனார்டாவை ஆங்கிலத்தில் பெர்கமாட் என்றும் சொல்வதால் ஒரு குழப்பம் நிலவுகிறது. ஏர்ல் கிரே தேநீரில் சேர்க்கும் பெர்கமாட், இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் எலுமிச்சைக் குடும்பத்துப் பழத்தின் தோல் எண்ணெய். வாசனை ஒத்திருந்ததால் அமெரிக்கச் செடிக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டதே தவிர, இரண்டுக்கும் உறவில்லை.

எல்லாம் தீங்கற்றவையும் அல்ல. சதுப்பு நிலப் புதரான லாப்ரடார் தேநீரில் லெடோல் என்னும் நச்சுப்பொருள் உண்டு. நீண்ட நேரம் கொதிக்கவிட்டு மிகுதியாகக் குடித்தால் கெடுதல். சாசஃப்ராஸ் வேர்ப்பட்டையின் இனிய மணத்துக்குக் காரணமான சாஃப்ரோலை, புற்றுநோய் ஐயத்தால் 1960இல் அமெரிக்க அரசு உணவுப் பொருள்களிலிருந்து விலக்கியது.

இந்த இலைகளில் பலவற்றின் பயன் அம்மண்ணின் தொல்குடி மக்களிடமிருந்து வந்த அறிவு. விடுதலையின் பெயரைத் தாங்கிய பானம் அவர்கள் பெயரைத் தாங்கவில்லை.

யாப்பான் என்னும் விதிவிலக்கு

மேலே சொன்ன எந்தச் செடியிலும் காஃபீன் இல்லை. காலைத் தேநீர் நின்றால் வரும் தலைவலிக்கு ராஸ்பெர்ரி இலை மருந்தாகாது. காஃபீன் உள்ள உள்நாட்டுச் செடி ஒன்று தென்கிழக்குக் கடலோரத்தில் இருக்கவே செய்தது: யாப்பான். தென் அமெரிக்காவின் மாத்தே பானத்துக்குரிய செடியும் இதே இனத்தைச் சேர்ந்தது. தொல்குடி மக்கள் அதன் இலையை வறுத்துக் காய்ச்சிய 'கரும்பானத்தை'ச் சடங்குகளில் அருந்தினர். மிசிசிப்பிக் கரையின் பழம்பெரும் நகரான கஹோக்கியாவில் கிடைத்த மட்கலங்களில் அதன் எச்சம் இருப்பதை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. கலங்களின் காலம் கி.பி. 1050-1250. செடி இயல்பாக வளரும் பகுதியிலிருந்து அந்நகர் பல நூறு கிலோமீட்டர் தொலைவு. ஆக, இலை வணிகமாகப் பயணம் செய்திருக்கிறது.

சடங்கின்போது பெருமளவு குடித்து வாந்தியெடுக்கும் வழக்கத்தைக் கண்ட ஐரோப்பியர், செடியே வாந்தியெடுக்கச் செய்வது என்று எண்ணிவிட்டனர். 1789இல் அதற்கு ஐலெக்ஸ் வாமிட்டோரியா என்ற அறிவியல் பெயர் அமைந்தது. இலையில் அத்தகைய குணம் இல்லை. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. வாந்தி என்று பெயர் வைத்த இலையை யார் விருந்தினருக்குத் தருவார்கள்? கரோலினாக் கடலோரத்து ஏழை வீடுகளில் அது தொடர்ந்து காய்ச்சப்பட்டது. 1861-65 உள்நாட்டுப் போரில் கடல்வழி அடைபட்டபோது தென் மாநிலங்கள் மீண்டும் அதைத் தேடின.

காப்பியும் திரும்பி வந்த தேயிலையும்

1774 அக்டோபரில் கூடிய காங்கிரசு, 1775 மார்ச் 1 முதல் கம்பெனித் தேயிலை எதையும் பயன்படுத்துவதில்லை என்று தீர்மானித்தது. அதற்கு முன்பே ஊர்கள் முந்திக்கொண்டன. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ் 1774 ஜூலையில் மனைவிக்கு எழுதிய கடிதம் இதற்குச் சான்று. நெடுந்தூரம் குதிரையில் வந்த களைப்பில், நேர்மையாகக் கடத்தி வந்த தேயிலையாக இருந்தால் ஒரு கோப்பை கிடைக்குமா என்று விடுதிப் பெண்மணியிடம் கேட்டார். இங்கே தேநீரை முற்றும் விட்டுவிட்டோம், வேண்டுமானால் காப்பி தருகிறேன் என்றார் அவர். ஆடம்ஸ் அன்று முதல் பிற்பகல்தோறும் காப்பி குடித்ததாகவும், தானும் தேநீரை மறந்தாக வேண்டும் என்றும் எழுதுகிறார்.

அந்தப் பெண்மணி ராஸ்பெர்ரி இலையையோ மொனார்டாவையோ நீட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது. காசு கொடுத்துக் குடிக்க வந்தவருக்குக் காப்பிதான் மாற்று. மூலிகைத் தேநீர் வீட்டுக்குள், தோழியரிடையே, கொள்கைக்காகப் பொறுத்துக்கொள்ளும் பானமாகவே இருந்தது. 1776 ஏப்ரலில் காங்கிரசு, ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்த தேயிலையை விற்கவும் குடிக்கவும் அனுமதித்தது. போர் முடிந்ததும் தேயிலைக்காகச் சீனத்துக்கே கப்பல் அனுப்பினார்கள்.

1784 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ் ஆஃப் சைனா' அவ்வழியில் சென்ற முதல் அமெரிக்கக் கப்பல். 1785 மே மாதம் அது தேயிலையோடு திரும்பியது. சீனருக்கு மாற்றாகக் கொண்டுபோன முதன்மைச் சரக்கு சுமார் 30 டன் ஜின்செங் வேர். அமெரிக்கக் காடுகளில் தோண்டி எடுத்த அந்த மூலிகையைச் சீனர்கள் விரும்பிக் காய்ச்சிக் குடித்தார்கள்.