மின்கிதாரில் தட்டிசை: ஒலிப்பிறப்பு, குற்றம், பயிற்சி
பழவேற்காட்டுக் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

மின்கிதாரில் பிக் கொண்டு மீட்டாமல், விரல் நுனியால் தந்தியை மெட்டின் பக்கம் அறைந்தே சுரத்தை எழுப்பும் முறையைத் தட்டிசை என்கிறோம். வாசிப்போர் வழக்கில் இது டேப்பிங். இதன் உறுப்புச் செயல்கள் மூன்று. விரல் மேலிருந்து இறங்கித் தந்தியை மெட்டோடு சேர்ப்பது அறைவு. அறைந்த விரல் தந்தியைப் பக்கவாட்டில் சற்றே கொளுவி விடுத்து, பின்னால் ஊன்றியிருக்கும் விரலின் சுரத்தை ஒலிக்கச் செய்வது பறிப்பு. ஒலிக்க வேண்டாத தந்திகளையும் தந்திப் பகுதிகளையும் தொட்டு ஊமையாக்குவது அடக்கல். இடக்கையின் அறைவையும் பறிப்பையும் ஹேமர்-ஆன், புல்-ஆஃப் என்று கிதார் கற்ற எவரும் அறிவர். வலக்கையும் அவ்வேலையில் இறங்கும்போது அது தட்டிசையாகிறது. வீணைக்குரிய மெட்டு, குதிரை ஆகிய சொற்களையே இங்கும் ஆளுகிறோம்; தலைப்பக்கத்துத் தாங்கியை நட் என்றே விடுகிறோம்.

தட்டிசை கற்போர் தம் உழைப்பில் பெரும்பங்கை அறைவிலேயே செலவிடுகின்றனர். குற்றங்களோ பெரும்பாலும் பறிப்பிலும் அடக்கலிலும் பிறக்கின்றன. இதுவே நாம் நிறுவ முயலும் கருத்து. கற்பவர் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில், ஆசிரியர் இன்றித் தனியே பயில்பவர் என்று கொள்கிறோம். ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு வங்கக் கடலிலிருந்து பிரித்து நிற்கும் அந்த உவர்நீர்ப் பரப்பின் காற்றும், வலைத்தொழிலும், கருவியையும் விரலையும் தமக்கேற்ப மாற்றிவிடுகின்றன. உலர்ந்த நகர அறைகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட பயிற்சி நூல்கள் இதைக் கருதுவதில்லை.

2. வரலாற்றுக் குறிப்பு

இம்முறையை எட்டி வான் ஹேலன் கண்டுபிடித்தார் என்னும் நம்பிக்கை பரவலானது, சரியன்று. ஜிம்மி வெப்ஸ்டர் 1950களிலேயே இருகைத் தொடுமுறையைக் கற்பித்தார். 1969-இல் எம்மெட் சாப்மன் வலக்கை விரல்களை மெட்டுகளுக்கு இணையாக வைத்துத் தட்டும் நிலையைக் கண்டு, பின்னர் அதற்கென்றே ஸ்டிக் என்ற தனிக் கருவியை அமைத்தார். ஜெனசிஸ் குழுவின் ஸ்டீவ் ஹேக்கெட் 1971-இல் இதை இசைத்தட்டில் பதிவுசெய்தார். 1978-இல் வெளிவந்த வான் ஹேலனின் ‘எரப்ஷன்’ இதை உலகறியச் செய்தது. 1985-இல் ஸ்டான்லி ஜோர்டானின் ‘மேஜிக் டச்’ தட்டிசையாலேயே இன்னிசை வரியும் உடனிசையும் ஒருங்கே இயலும் என்று காட்டியது.

3. ஒலிப்பிறப்பு

தட்டிசைச் சுரத்தின் உரம் எதைச் சார்ந்தது? விரல் தந்தியைத் தொடும் கணத்தில் அதற்கிருக்கும் வேகத்தைச் சார்ந்தது. தந்தி மெட்டில் படிந்த பிறகு எவ்வளவு அழுத்தினும் ஒலி கூடாது. சுருதிதான் சற்று ஏறும். ஆதலின் குறைந்த உயரத்திலிருந்து விரைந்து இறங்கும் விரலே சிறந்தது. நெடுந்தொலைவிலிருந்து பாயும் விரல் பார்வைக்கு அழகாக இருக்கலாம், காலம் தவறும்.

அறையும் இடமும் முக்கியம். மெட்டுக் கம்பியின் மேல் விழாமல், நட் இருக்கும் பக்கத்தில் அதை ஒட்டி விழ வேண்டும். 648 மி.மீ. தந்தி நீளமுள்ள கிதாரில் நட்டிலிருந்து முதல் மெட்டு 36.4 மி.மீ. தொலைவில் உள்ளது, 12ஆம் மெட்டுக்கும் 13ஆம் மெட்டுக்கும் இடைவெளி 18.2 மி.மீ.; 17க்கும் 18க்கும் இடையே 14 மி.மீ. கூட இல்லை. இடக்கைக்குப் பழகிய அளவுணர்வை வலக்கைக்கு அப்படியே மாற்ற முடியாததன் காரணம் இதுதான். வலக்கை தனக்கென ஓர் அளவுணர்வைப் புதிதாகப் பெற வேண்டும்.

இனி, கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று. விரல் தந்தியை ஓரிடத்தில் அறையும்போது தந்தி இரு கூறாகிறது. விரலுக்கும் குதிரைக்கும் இடைப்பட்ட கூறு நாம் விரும்பும் சுரத்தைத் தருகிறது. விரலுக்கும் நட்டுக்கும் இடைப்பட்ட கூறும் அதிர்கிறது. இதைப் பின்கூறு என்போம். இடக்கை விரல் ஒன்று பின்னால் ஊன்றியிருந்தால் பின்கூறு தானே அடங்கும். அவ்விரல் எடுக்கப்பட்டால் அது முனகும். தட்டிய விரலும் விலகினால் தந்தி முழுவதுமே ஒலிக்கும். பெருக்கி அதிகம் திறந்திருக்கும்போது இம்முனகல் அனைத்தும் சபைக்குக் கேட்கும். நட்டை ஒட்டி முடிவளையம் ஒன்றைச் சுற்றிக்கொள்ளும் வழக்கம் இதற்காகவே தோன்றியது. அதை ஏமாற்று என்று கருதுவாரும் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஆயினும் கற்கும் காலத்தில் அது இல்லாமல் பயில்வதே நன்று, ஏனெனில் குற்றம் காதில் விழ வேண்டும்.

4. வகைப்பாடு

ஒருவிரல் தட்டு முதல்வகை. வலக்கையின் ஒரு விரல் மட்டும் அறையும். மற்றச் சுரங்களை இடக்கை தரும். இரண்டாம் தந்தியில் 12ஆம் மெட்டை வலக்கை அறைந்து, 5ஆம் மெட்டுக்குப் பறித்து, 8ஆம் மெட்டை இடக்கைச் சிறுவிரல் அறைவது இதன் அடிப்படை உரு. 5ஆம் மெட்டை ஆதார சட்ஜமாகக் கொண்டால் இது ப, ச, க என்னும் மூன்று சுரம், காந்தாரம் சாதாரணம். வான் ஹேலன் சுட்டுவிரலால் தட்டினார். அவ்வேளையில் பிக்கை நடுவிரல் மடிப்பில் செருகிக்கொள்வார். பிக்கைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலேயே வைத்துக்கொண்டு நடுவிரலால் தட்டுவது புதியவருக்கு எளிது.

பல்விரல் தட்டு இரண்டாம் வகை. இரு கைகளும் தனித்தனியே இசைக்கும் இருகைத் தனிநடை மூன்றாவது. இவற்றில் எந்தக் கை எந்தத் தந்தியில், எப்போது இறங்கும் என்பது முன்னரே வகுக்கப்பட வேண்டும். பழவேற்காட்டு மீனவரிடையே எந்த இடத்தில், எந்த நாளில் யார் வலையிடுவது என்பதைப் பாடு முறை வகுப்பதைப் போன்றது இது. வகுக்காமல் இறங்கினால் இரு கைகளும் ஒரே இடத்தில் மோதும்.

மேற்சுரத் தட்டு சற்றே விலகி நிற்கும் வகை. இடக்கை ஒரு மெட்டில் ஊன்றியிருக்க, அதற்கு மேல் 12ஆம் மெட்டின் கம்பியை நேரே மேலாகத் தட்டி உடனே விலகினால் ஒரு ஸ்தாயி உயர்ந்த சுரம் மணியொலிபோல் எழும். 7 மெட்டு மேலே தட்டினால் அந்த மேல்ஸ்தாயியின் பஞ்சமமும், 5 மெட்டு மேலே தட்டினால் இரண்டு ஸ்தாயி உயர்ந்த சுரமும் கிடைக்கும். இங்கு மட்டும் விரல் விழவேண்டிய இடம் மெட்டுக் கம்பியின் மேலேயே.

5. குற்றங்களும் காரணங்களும்

மூன்று சுரங்களில் இரண்டாவது மெலிந்து கேட்பது பொதுவான குற்றம். கற்பவர் இதை இடக்கை வலுவின்மை என்று எண்ணி இடக்கையைப் பயிற்றுகிறார். உண்மையில் அந்தச் சுரத்தை எழுப்பியது வலக்கையின் பறிப்பு. விரல் தந்தியை விட்டு நேரே மேலெழுந்தால் தந்திக்குப் புதிய விசை ஏதும் கிடைப்பதில்லை. முந்தைய அதிர்வின் எச்சமே ஒலிக்கிறது. விரல் பக்கவாட்டில் விலக வேண்டும். மிகுதியாக விலகினாலோ தந்தி இழுபட்டுச் சுருதி துடிக்கும். ஊன்றிய இடக்கை விரல் அவ்விழுவிசையை எதிர்த்து நிலைக்க வேண்டும்.

எந்தப் பக்கம் பறிப்பது? தடித்த தந்திகளை நோக்கி மேலாகவும், மெல்லிய தந்திகளை நோக்கிக் கீழாகவும் பறிக்கலாம். நூல்கள் பெரும்பாலும் இதைக் கற்பவர் விருப்புக்கே விடுகின்றன. நம் கருத்தில் இது அடக்கலைப் பொறுத்து முடிவாக வேண்டியது. பறித்த விரல் அடுத்த தந்தியில் பட வாய்ப்புண்டு. ஆகவே அடக்கப்பட்ட தந்தி எந்தப் பக்கம் உள்ளதோ அந்தப் பக்கம் பறிக்க வேண்டும். இரண்டாம் தந்தியில் வாசிக்கும்போது வலது உள்ளங்கையின் அடிப்பகுதி தடித்த தந்திகளின்மேல் படிந்திருக்கும்; இடக்கைச் சுட்டுவிரலின் நுனி மூன்றாம் தந்தியையும், அதே விரலின் அடிப்புறம் முதல் தந்தியையும் தொட்டிருக்கும். தடித்த பக்கத்தில் இருமடங்கு காவல் உண்டு. எனவே மேலாகப் பறிப்பதே இங்குப் பாதுகாப்பானது. ஆறாம் தந்தியில் நிலை மாறும்.

மிகைப்பெருக்கத்தில், அதாவது டிஸ்டார்ஷனில், மட்டுமே பயில்வது மற்றொரு குற்றம். அது வலிய சுரத்தையும் மெலிய சுரத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவதால் அறைவின் ஏற்றத்தாழ்வு மறைகிறது; முனகலோ பெருகுகிறது. தெளிந்த ஒலியில் சமன்மையையும், மிகைப்பெருக்கத்தில் அடக்கலையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். மின்சாரம் இல்லாத மாலையில் பெருக்கி இன்றிப் பயில்வது முதற் சோதனைக்குப் போதும், இரண்டாவதற்குப் போதாது.

6. பயிற்சியின் படிநிலை

முதற்படியில் இடக்கைச் சுட்டுவிரல் மட்டும் ஊன்றியிருக்க, வலக்கை அறைந்து பறிக்கிறது: இரண்டே சுரம். இரண்டும் ஒரே உரத்தில் கேட்கும்வரை மூன்றாம் சுரத்தைச் சேர்க்கலாகாது. இது சலிப்பூட்டும் படி; பெரும்பாலோர் தாண்டிச் செல்லும் படியும் இதுவே.

இரண்டாம் படியில் மேற்சொன்ன மூன்று சுர உருவைத் தகிட என்ற சொற்கட்டில் வைக்கிறோம். வரிசைகளைப் பயில்வதைப் போலவே முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று தாள அளவை மாற்றாமல் இரட்டிக்க வேண்டும். மூன்றாங்காலம் கலங்கினால் தாளத்தையே தளர்த்திவிட்டு மீண்டும் முதலிலிருந்து.

மூன்றாம் படி, நம் இசைமரபு இவ்வாய்வுக்கு அளிக்கும் சிறந்த கருவி. தகிட உருவில் வலக்கை எப்போதும் அட்சரத் தொடக்கத்திலேயே விழுவதால், கற்பவர் வலக்கையையே தாளமாகக் கொண்டுவிடுகிறார். இந்தச் சார்பை உடைக்க, அதே மூன்று சுரத்தைச் சதுஸ்ர நடையில், அட்சரத்துக்கு நான்கு மாத்திரையாக வாசிக்க வேண்டும். அப்போது தட்டு ஒவ்வோர் அட்சரத்திலும் இடம்பெயர்ந்து, 12 மாத்திரை கழித்தே அட்சரத் தொடக்கத்தோடு மீண்டும் சேரும். ஆதி தாள ஆவர்த்தனம் ஒன்றுக்கு 32 மாத்திரை. உரு 10 முறை வந்தால் 30. எஞ்சிய இரண்டில் தக என்று ஓர் அறைவும் ஒரு பறிப்பும் வைத்தால் சமத்தில் வந்து விழலாம். வாயால் சொல்லிக்கொண்டே வாசிக்க முடிந்தால் தட்டு கையின் பழக்கத்திலிருந்து விடுபட்டுக் காலக் கணக்கில் நின்றுவிட்டது என்று பொருள்.

நான்காம் படி கமகம். அறைந்தெழும் சுரம் இயல்பில் நேரானது, அசைவற்றது. கர்நாடக இசையை மின்கிதாரில் வாசிக்கும் பிரசன்னா போன்றோரின் வாசிப்பில் தந்தியை இழுப்பதும் வழுக்குவதும் முதலிடம் பெறுவதை இங்கு நினைக்கலாம். தட்டிசையிலும் இரு வழிகள் உண்டு. அறைந்த விரலை விடாமல் அடுத்த மெட்டுக்கு வழுக்கினால் ஜாரு பிறக்கும். வலவிரல் ஊன்றியிருக்கவே, பின்னால் நிற்கும் இடக்கை தந்தியை இழுத்தால் தட்டிய சுரம் வளைந்தேறும். விரைந்த தகிட ஓட்டத்தைவிட இவ்வொரு வளைவு இசைக்கு அதிகம் தருகிறது என்பது நம் துணிபு.

7. கரைக்கு உரியவை

வலைக்கயிறு பிடிக்கும் கையில் காய்ப்பு உள்ளங்கையிலும் விரல் மடிப்புகளிலும் ஏறும். தட்டிசைக்கு வேண்டியது விரல் நுனிக் காய்ப்பு. அது தனியே வளர வேண்டும். நெடுநேரம் நீரில் கிடந்து ஊறிய விரலின் தோல் மென்மையுற்றிருக்கும். அந்நிலையில் பறித்தால் நுனி கிழியும். கையால் இறால் தடவி வந்தவர் விரல் நன்கு உலர்ந்த பிறகே கருவியைத் தொடுவது நல்லது. நுனியில் எரிச்சல் மட்டுமானால் ஓய்வு போதும். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி எழுந்தால் அன்றைய பயிற்சியை நிறுத்த வேண்டும்.

உப்புக் காற்றில் சுற்றுக்கம்பி இல்லாத மெல்லிய தந்திகள் முதலில் துருப்பிடிக்கும். துருவேறிய தந்தியில் விரல் வழுக்காது. பறிப்பு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவில் கொளுவும். பயிற்சிக் குறை என்று கற்பவர் வருந்துவது சில வேளை வெறும் துருவே. வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தந்தியையும் உலர்துணியால் அடிப்புறமும் சேர்த்துத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் உறையில் மூடிவைக்க வேண்டும். மேற்பூச்சுள்ள தந்திகள் விலை கூடியவை; இக்கரையில் அவை நீடிக்கும் காலம் அந்த விலையை ஈடுசெய்யும்.

தட்டிசைக்குத் தந்தி தாழ்ந்திருக்க வேண்டும்: 12ஆம் மெட்டில் மெல்லிய தந்திக்கு ஏறத்தாழ 1.5 மி.மீ., தடித்ததற்கு 2 மி.மீ. வடகிழக்குப் பருவமழையில் மரம் ஈரமேற்றுக் கழுத்தின் வளைவு மாறும், இவ்வளவும் மாறும். ஐப்பசி பிறந்ததும் ஒருமுறை, மழை ஓய்ந்து தை வெயில் நிலைத்ததும் மற்றொருமுறை அளந்து பார்க்க வேண்டும். கழுத்தினுள் உள்ள திருகுகம்பியைச் சரிசெய்வதானால் ஒரு வேளைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகாமல், ஒருநாள் விட்டு மறுபடி அளந்த பிறகே தொடர வேண்டும்.