தாம்பூலப் பையும் பொதி கட்டுறவங்களும்

லினக்ஸ்னு தலைப்புல போட்டா பாதிப் பேர் எஸ்கேப் ஆயிடுவீங்கன்னு தெரியும். அதான் போடலை :-) பயப்படாதீங்க மக்களே, இது கம்ப்யூட்டர் பாடம் இல்லை. முன்பின் தெரியாத ஒருத்தரை நம்பி எப்படி வேலையில சேர்த்துக்கிறதுங்கிற பழைய தலைவலியோட வரலாறு. நம்ம கிண்டிப் பக்கமும் இதுல கொஞ்சம் வருது.

1993 ஆகஸ்ட் 16. இயன் முர்டாக்னு ஒரு அமெரிக்கக் கல்லூரி மாணவர் டெபியன்னு ஒரு இயங்குதளத்தை அறிவிக்கிறார். காதலி டெப்ரா பேரையும் தன் பேரையும் ஒட்டி வச்ச பேரு. அதுல இருக்கிற ஆயிரக்கணக்கான மென்பொருள்களை எழுதினவங்க வேற வேற ஆளுங்க. அதை ஒவ்வொண்ணா எடுத்து, உரிமம் சரியான்னு பார்த்து, மத்ததோட ஒத்துப்போகுதான்னு சோதிச்சு, பொதியா கட்டித் தர்றவர்தான் மெயின்டெய்னர். பெரும்பாலும் சம்பளம் கிடையாது.

கல்யாண வீட்டுல தாம்பூலப் பை போடுற மாதிரின்னு வச்சுக்குங்களேன். தேங்காய் ஒரு கடை, வெத்தலை ஒரு கடை. ஆனா பையில அழுகின தேங்காய் இருந்தா திட்டு வாங்குறது கல்யாண வீட்டுக்காரர்தான். அதனால பை போடுறவர் ஒவ்வொரு காயையும் தட்டிப் பார்க்கணும். புதுசா வர்ற ஆளு தட்டித்தான் போடுவார்னு எப்படி நம்புறது?

ஆரம்பத்துல ரொம்பக் கெடுபிடி இல்லை. கூட்டம் பெருகினதும் சமாளிக்க முடியாம 1999 அக்டோபர்ல கதவைச் சாத்திட்டாங்க. புது ஆளுங்க யாரும் வேணாம்! 2000 ஏப்ரல்ல திரும்பத் திறந்தப்போ படிக்கட்டு கட்டியிருந்தாங்க. நீ யாருன்னு நிரூபி, எங்க கொள்கை புரியுதான்னு பதில் சொல்லு, அப்புறம் வேலை தெரியுமான்னு காட்டு. கூடவே இருந்து கேள்வி கேட்க ஒரு மூத்த உறுப்பினர்.

இதுல முதல் படிதான் நம்ம ஊர்க்காரங்களுக்கு இடிச்சுது. ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஒரு டெவலப்பர் உங்களை நேர்ல பார்த்து, அடையாள அட்டையைச் சரிபார்த்து, உங்க மின் சாவியில கையெழுத்துப் போட வேண்டியிருந்துச்சு. ஜெர்மனிக்காரருக்கு ரயில் ஏறினா வேலை முடிஞ்சுது. சென்னையில இருந்தா? யாராவது இந்தப் பக்கம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. திறமைக்குப் பஞ்சம் இல்லை, பக்கத்துல ஆள் இல்லை.

2007-ல பொதுவாக்கெடுப்பு நடத்தி நடுவுல ஒரு படி வச்சாங்க. முழு உறுப்பினர் ஆகாமலே, அனுமதிச்ச பொதிகளை மட்டும் நீங்களே ஏத்தலாம். அதுக்கு முன்னாடி, நீங்க கட்டின பொதியை ஒரு மூத்தவர் பிரிச்சுப் பார்த்துத் தன் பொறுப்புல ஏத்துவார். அவருக்கு 'ஸ்பான்சர்'னு பேரு. நம்ம பட்டறையில ஆசாரி பக்கத்துல உட்கார்ந்து தொழில் கத்துக்கிற பையன் கதையேதான்.

இப்போ கிண்டிக்கு வருவோம். சென்னை லினக்ஸ் பயனர் குழு பல வருஷமா மாசம் ஒரு தடவை கூடினது கிண்டியை ஒட்டின ஐஐடி வளாகத்துல. 2005-ல கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் வந்துச்சு. அதை நடத்தினது சென்னை சி-டாக்கும், கிண்டியைத் தலைமையிடமா வச்சிருக்கிற அண்ணா பல்கலையோட ஏயு-கேபிசி ஆய்வு மையமும் (மையம் இருக்கிறது குரோம்பேட்டையில). 2007-ல டெபியனை வச்சே சி-டாக் 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டுச்சு. 2011-ல தமிழக அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்போ விண்டோஸோட பாஸும் உள்ளே இருந்துச்சு.

கல்லூரி, குழு, அரசாங்கம், இயங்குதளம்னு எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல. ஆனா பயன்படுத்துறவங்க கணக்கோட பார்த்தா இங்கேயிருந்து வந்த மெயின்டெய்னருங்க ரொம்பக் கம்மி. சிடி கொடுக்க ஆள் இருந்துச்சு, பக்கத்துல உட்கார்ந்து முதல் பொதியைக் கட்ட வைக்க ஆள் இல்லைங்கிறது என் அபிப்பிராயம். கேரளத்து பிரவீன் அரிம்பிரத்தொடியில் அதைத்தான் செஞ்சார். கல்லூரி கல்லூரியாப் போய்ப் பட்டறை நடத்தி, மாணவர்களைச் சின்னச் சின்ன நூலகங்களைப் பொதி கட்ட வச்சார். 2023 ஜனவரில விழுப்புரத்துல டெபியன் குறுமாநாடு நடந்துச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல உலக மாநாடே கொச்சிக்கு வந்துச்சு, இந்தியாவுல முதல் தடவையா.

"கண்டவனையும் உள்ளே விட்டா ஆபத்தாச்சே?"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். 2024 மார்ச்ல வெடிச்ச எக்ஸ்இசட் விவகாரம் அதுதான். கோப்பைச் சுருக்கும் அந்தச் சின்ன மென்பொருளை லாஸ்ஸி காலின் வருஷக்கணக்கா ஏறக்குறைய தனியாளாப் பார்த்துக்கிட்டிருந்தார். 'ஜியா டான்'ங்கிற பேருல ஒருத்தர் 2021-லிருந்து உதவி செஞ்சு நல்ல பேரு வாங்கினார். 2022-ல வேற சில பேருங்கள்ல "வேற ஆளைச் சேர்த்துக்கோ"ன்னு காலினுக்கு நெருக்கடி. சாவி கைக்கு வந்ததும் உள்ளே திருட்டுக் கதவு வச்சாச்சு. டெபியனோட சோதனைப் பதிப்பு வரைக்கும் வந்துருச்சு. உள்நுழைய அரை நொடி கூடுதலா ஆகுதேன்னு ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் துருவிப் பார்க்கலைன்னா உலகத்துக்கே சங்குதான்.

இதைப் படிச்சுட்டு 1999 மாதிரி கதவைச் சாத்தணும்னு தோணலாம். எனக்கு நேர் எதிரா தோணுது. களைச்சுப் போன மனுஷன் தனியா நின்னார், உதவிக்குன்னு நிலைச்சு வந்தது திருடன் மட்டும்தான். நேர்ல பார்த்துப் பழகின நாலு புதுசுங்க அவர் பக்கத்துல இருந்திருந்தா, முகமே தெரியாத அஞ்சாவது ஆளுக்குச் சாவி போயிருக்குமா? புதுசா வர்றவங்களுக்குக் கை கொடுக்கிறது தர்ம காரியம் இல்லைங்க, வீட்டுக்குப் போடுற பூட்டு.

மெயின்டெய்னர் விட்டுட்டுப் போன பொதிக்கு டெபியன்ல 'அநாதை'ன்னே பேரு. எடுத்துப் பார்த்துக்கிறதுக்குப் பேரு 'தத்து'. நம்ம தமிழ் எழுத்துருக்களும் அங்கே பொதிகள்தான். அதைப் பார்த்துக்கிறவர் ஒரு நாள் களைச்சுட்டார்னா, திரும்பவும் கட்டம் கட்டமாத் தெரியுற தமிழைத்தான் படிக்கணும். கல்லூரியில பசங்க, பொண்ணுங்க யாராவது உங்க வீட்டுல இருந்தா காதுல போட்டு வைங்க. தத்தெடுக்க ஆள் தேவை.