‘வேணும்’ என்பது ‘விசுவாசம்’ ஆன கதை



பெங்களூரில் வடிவமைப்பு வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் தன் வேலையைப் பற்றி விளக்கினார். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே வடிவத்தில் வேலை செய்வார்களாம். யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார் என்பது பதிவாகிக்கொண்டே வருமாம். பழையதும் அழியாதாம். இதற்கு ‘வெர்ஷன் கன்ட்ரோல்’ என்று பெயர். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ இதில் பேர்போனது.

கேட்டதும் எனக்கு நம் முத்துக்குளித்துறைதான் நினைவுக்கு வந்தது. இந்தக் கவலை நம் கரைக்கு ஏறக்குறைய 480 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது.

1542இல் சவேரியார் இங்கே வந்தார். தமிழ் தெரிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கினார். ஊருக்கு ஒரு பிரதி வைத்து, எழுதத் தெரிந்தவர்களைப் படியெடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகுதான் ஒரு பிழை தெரிந்தது. விசுவாசப் பிரமாணத்தில் ‘நம்புகிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று இருந்தது! 1544இல் தன் உடன் ஊழியர் மான்சிலாஸுக்குக் கடிதம் எழுதினார்: ‘வேணும்’ என்பதை எடுத்துவிட்டு ‘விசுவாசம்’ என்று சொல்லவும். காரணத்தையும் எழுதினார்.

எது மாறியது, ஏன் மாறியது என்ற இரண்டும் அந்தக் கடிதத்தில் இருக்கின்றன. ஆனால் ஒரு கடிதம் ஒருவருக்குத்தான் போகும். ஊர் ஊராகப் படியெடுத்த பிரதிகளையெல்லாம் யார் தேடிப் பிடித்துத் திருத்துவது? மக்கள் தினமும் வாயால் சொல்லும் செபம் அல்லவா அது!

இந்தச் சிக்கலுக்கு அச்சு ஒரு வழி காட்டியது. ஒரே பாடம் எல்லாப் பிரதியிலும் ஒன்றாகவே இருக்கும். அன்றிக் அடிகளார் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’, 16 பக்க நூல், 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அச்சானது. செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் நம் கரை மக்கள்.

அதற்கான எழுத்துகளை முதலில் 1577இல் கோவாவில் கொன்சால்வஸ் வார்த்தார். அதில் நிறைவு இல்லாததால், 1578இல் கொல்லத்தில் ஃபாரியா பாதிரியார் புதிதாக வார்த்தார். சரி, பழையதைத் தூக்கி எறிந்தார்களா? இல்லை. நூலின் கடைசிப் பக்கத்தில் கோவா எழுத்தையும் கொல்லம் எழுத்தையும் சேர்த்தே அச்சிட்டார்கள். இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கும் பிரதியைப் பார்ப்பவர்கள் இரண்டையும் ஒப்பிட்டு, என்ன மாறியது என்று கண்டுகொள்ளலாம்.

சரியாக 400 ஆண்டு கழித்து, 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. துதிக்கை போட்ட ‘லை’யை எழுதிப் படித்த நாங்கள், இன்றைய ‘லை’யை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். பழைய வடிவம் தெரிந்திருப்பதால்தான் தாத்தா காலத்துப் புத்தகங்களை இன்றும் படிக்க முடிகிறது.

ஆகவே பிள்ளைகளே, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘கடைசி ஃபைனல்’ என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது. எது மாறியது, ஏன் மாறியது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அந்தத் திருத்தம் கூட வேலை செய்யும் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததா என்றும் பாருங்கள். சவேரியாரின் கடிதத்தில் முதலாவது இருந்தது. இரண்டாவதற்கு இந்தக் கரை 34 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.